வீரம்மா தேய்த்த தகடு

கல்லுமலைத் தோட்டத்து ஹார்விக் துரையின் வலது காதைக் கவ்வாத்துக் கத்தியால் அறுத்தெடுத்தவள் வீரம்மா. கண்டியில், பட்டப்பகலில், நீதிமன்ற வாசலில், ஊரே பார்க்க அறுத்தாள். இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்த மாட்டேன். கிறேஸ் டீச்சருக்கு மெதுவாகப் பேச வராது என்று அம்பிட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என்னை இதை எழுத வைத்தவர் சென்ற மாதம் வீடு தேடி வந்த ஒரு வெள்ளைக்காரர். ஐரோப்பாவில் லியோபோல்ட் ஆர்ன்ஹைம் என்று ஒரு செல்லோ வித்துவான் இருந்தாராம். செல்லோ என்பது ஆள் உயரப் பிடில், முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிப்பது. ராஜாக்கள் எழுந்து நின்று கேட்ட வாசிப்பாம். போன வருஷம் கிழவராகிச் செத்தும் போனார். கிராமபோன்காரர்கள் வாசலில் தவம் கிடந்தும் ஒரு தட்டுக்குக்கூட அவர் வாசிக்கவில்லையாம்.

"ஆனால் வாலிப வயதில், இந்தப் பக்கத்துக் கோப்பித் தோட்டம் ஒன்றில், ஒரே ஒரு தடவை இயந்திரத்துக்கு வாசித்திருக்கிறார். அந்தப் பதிவைத் தேடித்தான் வந்தேன். உங்கள் தாயார் அந்தப் பங்களாவில் ஆயாவாக இருந்தார் என்று பாதிரியார் சொன்னார்" என்றார் அவர். கதிரையில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். அவருடைய வித்துவானைப் பற்றி என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. வீரம்மாவைப் பற்றி நிறைய இருந்தது. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீரம்மா கடல் தாண்டி வந்தபோது சிறு பிள்ளை. தாயும் மகளுமாக ஒரு கங்காணி கூட்டிவந்த ஆட்களோடு வந்தார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுப் பாதையில் நடை. வழியில் பேதி கண்டது. விழுந்தவர்களுக்காகக் கூட்டம் நிற்காது. நின்றால் கங்காணியின் பிரம்பு முதுகில் விழும். வீரம்மாவின் தாய் ஒரு பாலை மரத்தடியில் விழுந்தாள், அவளுக்கு உயிர் போகும் முன்பே கூட்டம் கிளம்பிவிட்டது. தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்ற பிள்ளையைக் கங்காணி தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அவள் அவனுடைய கட்டைவிரலை எலும்பு தெரியக் கடித்தாள். பதிலுக்கு அவன் கொடுத்த குத்தில் அவளுக்கு முன்பல் ஒன்று போயிற்று. சாகும் வரைக்கும் அந்த ஓட்டைப் பல்லோடுதான் சிரித்தாள்.

"எங்காத்தாவுக்கு மண்ணு இல்ல, தப்பு இல்ல, ஒரு ஒப்பாரி இல்ல. நாய் நரிக்குப் போட்டுட்டு வந்தோம்" என்பாள். சொல்லும்போது அழமாட்டாள். பல்லைக் கடிப்பாள்.

தப்பு என்பது நெருப்பில் காய்ச்சிக் குச்சியால் அடிக்கும் தோல் மேளம். தோட்டத்தில் விடியும்போது ஆட்களை வேலைக்குக் கூப்பிடுவதும் அதுதான், செத்தவர்களை மண்ணுக்கு அனுப்புவதும் அதுதான். தப்புச் சத்தம் முன்னால் போகாமல் பிணம், ஆட்கள் குடியிருக்கும் லயத்தை விட்டுக் கிளம்பாது. கலஹாவுக்கு மேலே கல்லுமலைத் தோட்டத்தில் அதை அடித்தவன் சின்னமுத்து. ஒல்லியான ஆள், வாயில்லாப் பூச்சி, கையில் எப்போதும் ஒரு செப்புக் காப்பு. வீரம்மா வளர்ந்து பெரியவளானதும் தானாகப் போய் அவனைக் கட்டிக்கொண்டாள்.

"போயும் போயும் இந்த ஈர்க்குச்சியையா புடிச்ச?" என்று லயத்துப் பொம்பளைகள் கேலி செய்வார்களாம். "ஒங்களுக்கென்னடி தெரியும்? நான் செத்தா எனக்குத் தப்புச் சத்தம் நிச்சயம்" என்று இவள் சொல்வாளாம். சின்னமுத்து அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, சோற்றுப் பானையைக் கவிழ்த்து அவளுக்காகவே ஒரு அடி அடித்துக் காட்டுவான். அவள் கரண்டியை ஓங்குவாள். இருவருக்கும் பிள்ளை தங்கவில்லை. ஒருவர் மேல் ஒருவர் உயிராக இருந்தார்கள், அவ்வளவுதான்.

அது கோப்பிக்குச் சாவு வந்த காலம். இலைக்கு அடியில் மஞ்சள் பொடி பூத்து, இலை கொட்டி, மரம் மொட்டையாக நின்றது. துரைமார் ஒவ்வொருவராக நொடித்துக்கொண்டிருந்தார்கள். ஹார்விக் துரைக்கு நோயின் மேல் கோபம். அந்தக் கோபத்தை ஆட்களின் முதுகில் தீர்த்தான், பாவி. பித்தளைக் குமிழ் வைத்த குதிரைச் சவுக்கு ஒன்று அவன் கையை விட்டு இறங்காது. பழம் குறைந்தால் அடி, கூடை சரிந்தால் அடி, நிமிர்ந்து பார்த்தாலும் அடி. கர்ப்பிணி ஒருத்தியை அவன் உதைத்து, அவள் கோப்பிக் காட்டுக்குள்ளேயே பிள்ளையைப் பறிகொடுத்ததை என் அம்மா கண்ணால் கண்டிருக்கிறாள்.

என் அம்மா தெரேசா அப்போது கல்யாணம் ஆகாதவள். துரையின் பங்களாவில் ஆயா. ஞானஸ்நானம் வாங்கிய வேதக்காரி என்பதால் லயத்தில் சிலர் ஒதுக்கிவைத்தார்கள். வீரம்மா மட்டும் ஒதுக்கவில்லை. லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் இரண்டு பேரும் ஊர்ப்பட்ட கதை பேசுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் துரை சீமையிலிருந்து ஒரு இயந்திரம் வாங்கினான். ஒரு உருளை, அதைச் சுற்ற ஒரு கைப்பிடி, பேசுவதற்கு ஒரு வாய். உருளையின் மேல் மெல்லிய ஈயத் தகடு ஒன்றைச் சுற்றவேண்டும். வாய்க்கு முன்னால் சத்தம் போட்டுக்கொண்டே கைப்பிடியைச் சுற்றினால் ஊசி தகட்டில் குத்திக் குத்திக் கோடு போடும். திரும்ப ஊசியை முதலில் வைத்துச் சுற்றினால் தகடு அதே சத்தத்தைப் பேசும். முதல் தடவை அதைக் கேட்டபோது அம்மா தட்டோடு கோப்பைகளைக் கீழே போட்டு உடைத்தாள். பிறகு பழகிவிட்டாள்.

ஆர்ன்ஹைம் கிழக்கே கச்சேரி செய்யப் போகிற வழியில் கொழும்பில் இறங்கினவர். துரையின் பெண்சாதி, துரைசாணி, சீமையில் இருந்தபோது அவரிடம் வாசிப்புப் படித்தவளாம், எழுதிக் கூப்பிட்டாள். பெரிய பிடில் மாட்டு வண்டியில், மெத்தையில் படுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தது. பார்த்த ஆட்களுக்கு ஒரே சிரிப்பு. அவருக்குப் பிடில் துரை என்று பேர் வைத்தார்கள்.

அவருடைய வாசிப்பைத் தகட்டில் பிடிக்கவேண்டும் என்று ஹார்விக் துரைக்கு ஒரே துடிப்பு. தோட்டம் போனாலும் அந்தப் பெருமையாவது மிஞ்சட்டும் என்று நினைத்தானோ என்னவோ. ஒரு நாள் மத்தியானம் தோட்டம் முழுக்க மூச்சுக் காட்டக்கூடாது என்று கட்டளை போட்டான். பழம் அரைக்கும் சக்கரத்தை நிறுத்தினார்கள். நாய்களைத் தூரத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள். கைக்குழந்தைக்காரிகளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரட்டினார்கள்.

அன்றைக்குப் பார்த்து லயத்தில் லெட்சுமணன் என்ற வயசாளி காய்ச்சலில் செத்துக் கிடந்தான். காலையிலேயே எடுத்திருக்கவேண்டிய பிணம். வெயிலில் வீங்கத் தொடங்கிவிட்டது. ராஜலிங்கம் கங்காணி வந்து, "பொணத்தத் தூக்குறதுன்னா தூக்கு. தப்பு மட்டும் அடிக்கப்படாது. தொரை உத்தரவு" என்றான். சின்னமுத்து காய்ச்சிய தப்பைக் கக்கத்தில் வைத்தபடி தலையைக் குனிந்துகொண்டான்.

வீரம்மாவுக்குத் தாங்கவில்லை. "ஒரு மனுசன நாய் மாதிரி இழுத்துட்டுப் போவியளா? அடிய்யா. நான் சொல்றேன், அடி" என்றாள்.

"தொரை கொன்னுபுடுவான் புள்ள."

"காலையில அவனுக்கு ஆளு சேக்க அடிக்கிறியே, அது மட்டும் இனிக்குதாமா அவனுக்கு? அடின்னா அடி."

அவன் அவளை ஒரு தடவை பார்த்தான். பிறகு அடித்தான். பள்ளத்தில் அடித்த சத்தம் மலையில் மோதிப் பங்களாவுக்குள் போயிற்று.

உள்ளே பிடில் துரை வாசிக்க ஆரம்பித்து, துரைசாணி கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. சத்தம் கேட்டதும் ஹார்விக் துரை அந்தத் தகட்டை உருளையிலிருந்து பிய்த்தெடுத்துக் கசக்கி எறிந்தான். "அடிச்சவனை இழுத்து வா" என்று கத்தினான். கங்காணியும் இரண்டு ஆட்களும் ஓடினார்கள். பாடைக்கு முன்னால் நின்ற சின்னமுத்துவின் தப்பை மிதித்துக் கிழித்து, அவனைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே போனார்கள். குறுக்கே விழுந்த வீரம்மாவின் விலாவில் கங்காணி உதைத்தான். அப்படியும் அவள் எழுந்து பின்னால் ஓடினாள். அவளைப் பிடித்துக் கோப்பி ஸ்டோருக்குள் தள்ளிப் பூட்டினார்கள். மறுநாள் விடிந்துதான் திறந்துவிட்டார்கள். ஆகையால் மற்றதை அவள் பார்க்கவில்லை. என் அம்மாதான் பார்த்தாள்.

சின்னமுத்துவைப் பங்களா விறாந்தையின் தூணில் கட்டினார்கள். அந்தத் தூணுக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு உள்ளே இயந்திரத்தின் வாய். துரைசாணி புதுத் தகடு சுற்றிக்கொண்டிருந்தாள், பிடில் துரை நரம்பை முறுக்கிக்கொண்டிருந்தார். துரை சவுக்கால் அடித்தான். சின்னமுத்து வலி தாங்காமல் முனகினான். "சத்தம் போடாதே" என்று சொல்லி அதற்கும் அடித்தான். அவன் அதற்கும் முனகினான். முனகினதற்காக மறுபடியும் அடி. சத்தம் போடாதே என்று ஒரு மனிதனை அடிக்கும் பைத்தியக்காரத்தனத்தை யாராவது கேள்விப்பட்டதுண்டா? அந்த மிருகத்துக்கு அது உறைக்கவில்லை.

துரைசாணிக்குப் பொறுமை இல்லை. புருஷன் முடிக்கும் வரைக்கும் காத்திராமல் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினாள். பிடில் துரை வில்லை எடுத்து வாசித்தார். ஜன்னலுக்கு வெளியே சவுக்கைத் திருப்பிப் பிடித்துப் பித்தளைக் குமிழால் துரை சின்னமுத்துவின் தலையில் போட்டான். ஒரு தடவை, இன்னொரு தடவை, பிறகும். "தொரே, விட்டுருங்க தொரே" என்றான் சின்னமுத்து. "ஆத்தா" என்றான். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பிடில் துரையின் வில் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. அதைத்தான் அம்மா கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை. "ரத்தம் ஜன்னல் கண்ணாடியில தெறிக்குது, அந்த மனுசன் கண்ண மூடிக்கிட்டு வாசிக்கிறான் கிறேசு" என்பாள்.

வாசித்து முடித்ததும் தகட்டைப் பேசவைத்தார்கள். அம்மா தண்ணீர்த் தட்டோடு சுவரோரம் நின்றாள். முதலில் பிடில் வந்தது, தூரத்தில் வண்டு முரல்வதைப்போல. அதற்குள்ளிருந்து சின்னமுத்து, "தொரே, விட்டுருங்க தொரே, ஆத்தா" என்றான். வெளியே சின்னமுத்துவின் தலை தொங்கிக் கிடந்தது, உதடு அசையவில்லை. இயந்திரத்துக்குள்ளே அவன் உயிரோடு கதறினான். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். ஹார்விக் துரை கைகொட்டிச் சிரித்தான். பிடில் துரை எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தார். மறுநாள் பெட்டி படுக்கையோடு பேராதனை ரயிலுக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சின்னமுத்துவைச் சாக்கில் சுற்றிக் கோப்பிக் காட்டுக்குள் தூக்கிப் போனார்கள். எந்தப் பக்கம் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. மறுநாள் பெரட்டில், ஆள் கூப்பிடும் இடத்தில், அவன் பெயர் வந்தபோது கங்காணி, "ஓடிப்போயிட்டான்" என்றான். ஸ்டோரிலிருந்து திறந்துவிடப்பட்ட வீரம்மா, அவனை அடித்தே கொன்றுவிட்டார்கள் என்று லயத்தில் கேள்விப்பட்டு, நேரே பங்களாவுக்குப் போய், "எம் புருசன் பொணத்தக் குடுங்க" என்று நின்றாள். நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். தொடையில் சதை கிழிந்து வந்தாள். மறுநாளும் போனாள்.

அவளுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். பிணம் வேண்டும். அவனை மண்ணில் வைத்துத் தப்படிக்கவேண்டும். ஓடிப்போனவனுக்குப் பிணம் ஏது என்று துரை சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் அது கிடைக்காது.

பீலியடியில் அம்மா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "அக்கா, அண்ணன் கத்துனது அந்தத் தகட்டுல அப்படியே இருக்கு. தொரையக் கூப்புட்டுத்தான் கத்துது. அலுமாரியில வச்சுப் பூட்டியிருக்கான்."

வீரம்மா அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அத எடுத்துக் குடு தெரேசா. கண்டியில பெரிய தொரை இருக்காராம்ல, நியாயம் கேக்குறவரு. அவருக்கு முன்னால எம் புருசனப் பேச வைக்கிறேன். பேசுனா இவன் பொணத்தக் காட்டித்தான ஆகணும்?"

அம்மா எடுத்தாள். துரைசாணி குளிக்கும்போது சாவியைத் தூக்கி, தகட்டை எடுத்து, குசினியில் அடுப்புப் புகைபோகும் இடுக்கில் செருகினாள். துரை பங்களாவைத் தலைகீழாகப் புரட்டினான். சமையல்கார அப்புவைச் சவுக்கால் உரித்தான். அம்மா வாயைத் திறக்கவில்லை. சந்தடி அடங்கியதும் அழுக்குத் துணிக்குள் சுருட்டிப் பீலியடிக்குக் கொண்டுவந்து வீரம்மாவிடம் கொடுத்துவிட்டு, அப்படியே வேலையையும் விட்டாள்.

வீரம்மா தகட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கரி படிந்து, இறைச்சிக் கொழுப்பு ஒட்டி, அது அடுப்பங்கரைத் துணியாட்டம் இருந்தது.

தோட்டத்து மாரியம்மனுக்கு நோய் தீர்ந்தவர்கள் வெள்ளித் தகட்டில் கண்மலர் செய்து சாத்துவார்கள், கை கால் செய்து சாத்துவார்கள். தீமிதிக்கு முன்னால் அவற்றையெல்லாம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, சுருக்கம் போக நீவி, வெள்ளை வெளேரென்று அம்மனுக்குத் திரும்பச் சாத்துவது வீரம்மாவின் பொறுப்பு. தகட்டில் சாமி இருக்கும், தேய்த்தால் அழுக்குத்தான் போகும், சாமி போகாது. பிறந்ததிலிருந்து அவள் கண்ட உண்மை அது.

இப்போது அவள் புருஷன் தகட்டில் இருக்கிறான். கரியும் கொழுப்புமாகவா அவனை நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போவாள்? பீலியடிக் கல்லின் மேல் தகட்டை விரித்தாள். புளியும் சாம்பலும் வைத்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரிப் பதமாகத் தேய்த்தாள். மேலெல்லாம் பொடிப் பொடியாகக் குழி விழுந்து கிடக்கிறதே என்று கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நீவிவிட்டாள். என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினாள். இயந்திரத்தைப் பார்த்திருந்த அவளுக்கும் தோன்றவில்லை. தகடு கண்ணாடிபோல ஆனதும் மஞ்சள் துணியில் சுற்றி மாரியம்மன் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டார்கள். ஹந்தானை மலைப் பக்கமாக ஏறி இறங்கிக் கண்டிக்கு நடந்தார்கள்.

கண்டியில் ஒரு புரொக்டர், ஏழைகளுக்கும் வழக்குப் பேசுகிற வக்கீல், பேசுகிற தகடு என்ற புதினத்துக்காகவே வழக்கை எடுத்துக்கொண்டார். நீதவானும் வெள்ளைக்காரர்தான், அவருக்கும் கேட்கவேண்டும் என்று ஆசை. இயந்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு போட்டார். அம்மா கூண்டில் ஏறிக் கண்டதையும் கேட்டதையும் சொன்னாள். துரையின் வக்கீல் அவளைத் திருடி என்றான், வேறென்னவோ அசிங்கமும் சொன்னான். அவள் அசையவில்லை. இயந்திரத்தை மேசையில் வைத்துத் தகட்டை உருளையில் சுற்றும்போது ஹார்விக் துரையின் முகம் வெளுத்துப்போயிற்று. கழுத்துப் பட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டான். வீரம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பயந்ததை அவள் வாழ்நாளில் கண்டது அந்த ஒரு தடவைதான்.

கைப்பிடி சுற்றியது. சர்ரென்று ஒரு இரைச்சல் மட்டும் வந்தது. திரும்பச் சுற்றினார்கள். அதே இரைச்சல். பிடிலும் இல்லை, மனிதனும் இல்லை.

நீதவான் தகட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏதோ கேட்டார். துபாஷி தமிழில் சொன்னான்: "இதத் தேச்சது யார்?"

வீரம்மா பெருமையாகத்தான் சொன்னாள். "நான்தாங்க. புளியும் சாம்பலும் போட்டு பளபளன்னு தேச்சுக் கொண்டாந்திருக்கேன். பேசச் சொல்லுங்க சாமி."

சபை முழுக்கச் சிரித்தது. நீதவான் சிரிக்கவில்லை. ஊசி போட்ட கோடுதான் சத்தம், அதை நீயே அழித்துவிட்டாய் என்று துபாஷியிடம் சொல்லி அவளுக்குச் சொல்லவைத்தார். என் அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

"அதெப்படிங்க?" என்றாள் வீரம்மா. "தகட்டுக்குள்ள இருக்கிற கொரலு அழுக்கா என்ன, தேச்சாப் போக?" வழக்கு தள்ளுபடி.

சாட்சி சொல்லச் சொல்லி நீதிமன்றத்திலிருந்து பிடில் துரைக்கும் எழுதியிருந்தார்கள். அவர் எங்கேயோ கப்பலில் இருந்தார், பதில் வரவில்லை. அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தகடே தேவைப்பட்டிருக்காது. வெள்ளைக்கார நீதவான் நம்பக்கூடிய சாட்சி அந்த மனிதர் ஒருவர்தானே! சொல்லவில்லை. இதை நான் சொன்னபோது வந்திருந்த வெள்ளைக்காரர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

நீதிமன்ற வாசலில் வீரம்மா படியோரம் நின்றாள். அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஹார்விக் துரை கூட்டாளிகளோடு சிரித்தபடி இறங்கி வந்தவன், இவளைக் கண்டு நின்றான். சும்மா போயிருக்கலாம். போகவில்லை. அவளுக்கு முன்னால் குனிந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, தனக்குத் தெரிந்த தோட்டத் தமிழில், "ஒன் புருசன் எங்கே? கூப்பிடு. சத்தம் கேக்கல்லே" என்றான்.

தோட்டத்துப் பொம்பளையின் இடுப்பில் கவ்வாத்துக் கத்தி எப்போதும் இருக்கும், கிளை கழிக்கிற வளைந்த கத்தி. குவித்த கைக்குள் அந்தக் காது வாகாக நின்றது. ஒரே இழுப்பு. அவன் அலறிக்கொண்டு படியில் உருண்டான். பட்டுச் சட்டையெல்லாம் ரத்தம். வீரம்மா காதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் மேல் குனிந்தாள்.

"இப்பக் கேக்குதா தொரே?" என்றாள்.

வாசலில் காவல் நின்ற பொலிஸ்காரர்கள் துப்பாக்கிக் கட்டையால் அவளை அடித்து வீழ்த்தினார்கள். தோள் எலும்பு உடைந்தது, பிறகு நேராகக் கூடவே இல்லை. அவள் புருஷனின் உயிர் யார் கண்ணுக்கும் தெரியவில்லை, துரையின் காது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. வருஷக்கணக்காகச் சிறையில் தேங்காய் நார் அடித்தாள்.

அவள் வெளியே வந்தபோது கோப்பி ஒழிந்திருந்தது. ஒற்றைக் காதுத் துரை தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போயிருந்தான். புதிதாக வந்தவர்கள் தேயிலை போடுவதற்காகக் கோப்பி மரங்களை வேரோடு பிடுங்கினார்கள். வீரம்மாவும் அந்த வேலைக்கு நின்றாள். ஒரு நாள் மேல் காட்டில் ஒரு கட்டையைப் பெயர்த்தபோது வேருக்குள் மனித எலும்பு வந்தது. கை எலும்பில் செப்புக் காப்பு கிடந்தது. மண்டை ஓடு ஒரு பக்கம் உடைந்திருந்தது. வீரம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். காப்பை அவள் தொடவேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.

எலும்பைச் சேலையில் கட்டிப் பாடையில் வைத்தார்கள். தப்பு அடிக்க ஆள் தேடினபோது, தானே அடிப்பேன் என்றாள். பொம்பளை தப்புத் தொடக்கூடாது என்று இரண்டு மூன்று கிழவர்கள் எழுந்தார்கள். "வந்து கையப் புடிங்க பாப்போம். எல்லாருக்கும் காது ரெண்டும் இருக்குல்ல?" என்று கேட்டாள். உட்கார்ந்துவிட்டார்கள். கூடாத தோளோடு, உள்ளங்கை கிழிந்து தோலில் ரத்தம் தெறிக்கத் தெறிக்க அடித்துக்கொண்டு முன்னால் போனாள். சின்னமுத்து அப்படித்தான் மண்ணுக்குப் போனான்.

ஆனால் அது அவளுக்குப் போதவில்லை. என் அம்மா அதற்குள் கல்யாணம் முடித்து அம்பிட்டிக்கு வந்திருந்தாள். வருஷா வருஷம் சின்னமுத்து செத்த நாளில் வீரம்மா தோட்டத்திலிருந்து நடந்து எங்கள் வீட்டுக்கு வருவாள். தரையில் உட்காருவாள். "போடு புள்ள" என்பாள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு தன் வாயாலேயே தகட்டைப் போடுவாள். முதலில் தொண்டைக்குள்ளே பிடில், தாழ்ந்து, வண்டு முரல்வதைப்போல. இடையில் எங்கே வில் நடுங்கியதோ அங்கே குரல் நடுங்கும். பிறகு வயிற்றிலிருந்து அந்தக் கதறல். "தொரே, விட்டுருங்க தொரே, ஆத்தா." எங்கள் பக்கத்தில் சொந்தக் காதால் அதைக் கேட்டவள் அம்மா ஒருத்திதான். வீரம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்பதற்கு முன்னால் தன் கையாலேயே துடைத்துவிட்டாளே. கதறல் வந்ததும், "இந்தா வந்துட்டேன்யா, வந்துட்டேன்" என்பாள். பிறகு இரண்டு கையையும் தரையில் ஓங்கி ஓங்கி அடிப்பாள். "அடின்னு சொன்ன வாயி இதுதான, தேச்ச கை இதுதான" என்று அடிப்பாள். நானும் என் தம்பிமாரும் கதவுக்குப் பின்னால் பயந்து நிற்போம். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னொருக்கா போடு" என்பாள்.

அம்மா செத்த பிறகு நான் போட்டேன். கேட்டுக் கேட்டு எனக்கு வந்துவிட்டது. நான் முதல் தடவை போட்டபோது வீரம்மா என் முகத்தைத் தடவி, "அப்படியே இருக்குடி" என்றாள். அவள் செத்தபோது தோட்டத்துக்குப் போனேன். தப்புச் சத்தத்துக்குக் குறைவில்லை, மலையெல்லாம் கேட்டது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு வெள்ளைக்காரர் கதிரையை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "அப்படியென்றால் ஆர்ன்ஹைமின் அந்த வாசிப்பு உங்களுக்குப் பாடமா?" என்று கேட்டார். கண்ணில் ஒரு வெளிச்சம். ஓடிப்போய் வண்டியிலிருந்து மெழுகு உருளை வைத்த இயந்திரம் ஒன்றை எடுத்துவந்து என் மேசையில் வைத்தார். அதன் வாயை என் பக்கம் திருப்பினார்.

போட்டேன். பிடிலை அவர் கண்ணீர் முட்டக் கேட்டார். கதறல் வந்ததும் திடுக்கிட்டுச் சுற்றுவதை நிறுத்திவிட்டார். அடுத்த வீட்டு றம்லத் என்னவோ ஏதோ என்று கரண்டியோடு ஓடிவந்து வாசலில் நின்றாள்.

அவர் உருளையை மாற்றினார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். "மன்னிக்கவேண்டும் அம்மணி. இன்னொரு தடவை, வாசிப்பை மட்டும் பாடமுடியுமா? அந்தக் கூச்சல் இல்லாமல்?"

புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீரா என்று கேட்டேன். அவருக்கு விளங்கியது. கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"முடியாது" என்றேன். "அது ரெண்டும் ஒரே தகடு. வேண்டுமென்றால் கைப்பிடியை முதலிலிருந்து சுற்றுங்கள். கடைசி வரைக்கும் நிறுத்தாமல் சுற்றுங்கள்."

அவர் சுற்றினார்.